வதந்திக்கு ஆயுசு எத்தனை?

குழாயடி வம்புகூட இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். ஓயாத வம்பு ஒன்று கம்ப்யூட்டர் உலகத்தில் நடந்திருக்கிறது, கேளுங்கள்.

கம்ப்யூட்டர்களுக்கு நடுவே தபால் சேர்க்கும் பெட்டிக்கு 'ரூட்டர்' என்று பெயர். "என் அண்டை வீட்டார் இன்னார், அவர்களுக்கு வழி சரியாக இருக்கிறது" என்று ஒவ்வொரு ரூட்டரும் எண் போட்டுச் செய்தி அனுப்பும். புது எண்ணாக இருந்தால் கேட்டவர் குறித்துக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லவேண்டும். பழைய எண் என்றால் வாய் திறக்கக்கூடாது. இப்படியே எல்லோரிடமும் ஊர்ப்படம் தயாராகிவிடும்.

அமெரிக்காவின் 'அர்ப்பாநெட்' வலையில், 1980 அக்டோபர் 27-ஆம் தேதி, இயந்திரக் கோளாறினால் ஒரே ரூட்டரின் செய்தி 8, 40, 44 என்று மூன்று எண்களுடன் உலவியது. அங்கே 63-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். கடிகாரம் மாதிரி வட்டம். ஆகவே 8-ஐவிட 40 புதிது. 40-ஐவிட 44 புதிது. 44-ஐவிட 8 புதிது! மூன்றும் ஒன்றையொன்று துரத்த, வலை முழுவதும் பல மணி நேரம் ஸ்தம்பித்தது.

கெட்ட செய்தி தானே அடங்கும் வழியை ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1983-ல் எழுதினார். இன்றைய 'ஓ.எஸ்.பி.எஃப்.' முறையில் எண் வட்டமிடுவதில்லை. கைமாறும் ஒவ்வொரு தரமும் செய்திக்கு வயது ஏறும். சொன்னவரே அரை மணிக்கொரு தரம் புதுப்பிக்கவேண்டும். ஒரு மணி கடந்தால் தள்ளுபடி.

குழாயடிக்கும் இந்தச் சட்டம் வந்தால் தேவலை!