பங்காளிகளின் லாரி

கொங்குப் பகுதியில் லாரி வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு கதை கட்டாயம் வரும். கிளீனராகப் போனவர் டிரைவரானார். பங்காளியும் மச்சானும் சேர்ந்து பழைய லாரி ஒன்று வாங்கினார்கள். ஒன்று நான்காகி, நான்கு பார்சல் சர்வீஸாகி, பேட்டையில் புக்கிங் ஆபீசும் வந்தது. முதலாளியே டயர் கழற்றினார், வண்டிக்கடியில் படுத்துத் தூங்கினார். கதை பொய்யில்லை. ஆனால் இதைத்தான் “எங்கள் கூட்டுறவு” என்று பெருமையோடு சொல்லும்போது நாம் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

திருப்பூர் பனியன் தொழிலும் இதே வழியில்தான் வளர்ந்தது. தொழிலாளியாக இருந்த கவுண்டர்கள் கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான வரலாற்றை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் வந்த தன் நூலில் விரிவாக எழுதினார். அவர்கள் எல்லோரும் தங்கள் வெற்றிக்குச் சொன்ன ஒரே காரணம் உழைப்பு. உழைப்புதான் காரணம் என்றால், அதே பட்டறையில் அதே நேரம் உழைத்த அருந்ததியர் ஏன் பங்குதாரர் ஆகவில்லை?

பங்காளி என்ற சொல்லையே பாருங்கள். பங்கு உள்ளவரும் பங்காளி, தாயாதியும் பங்காளி. முதல் போட நிலம் விற்ற பணம், மனைவியின் நகை, மாமனார் கை மாற்று, சொந்தக்காரர் நடத்தும் சீட்டு. (நகை போட்ட பெண்ணின் பெயர் மட்டும் எந்த லாரியின் கதையிலும் வராது.) இந்தப் பணம் எல்லாம் சாதிக்குள்ளேயே சுற்றி வருகிறது. கிணற்றுப் பாசனக் காலத்தில் கவலை இறைக்கத் தோல் சாலைத் தைத்துக் கொடுத்துப் பண்ணையாளாகக் கிடந்தவர்களுக்கு விற்க நிலமும் இல்லை, அடகு வைக்க நகையும் இல்லை.

சட்டமும் இதற்குத் தோதாக இருக்கிறது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 31ஆம் பிரிவு: வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இருக்கிற பங்குதாரர் எல்லோரும் சம்மதித்தால்தான் புதியவர் உள்ளே வர முடியும். ஒருவர் முகம் சுளித்தால் போதும். கூட்டுறவுச் சங்கத்தின் அடிப்படையோ இதற்கு நேர் எதிர்: தகுதியுள்ள எவருக்கும் உறுப்பினர் கதவு திறந்திருக்க வேண்டும், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு.

சரி, பங்கு வேண்டாம், தொழிலாளி உரிமையாவது கிடைத்ததா? எட்டு மணி நேர வேலையைச் சொன்ன 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் இரவெல்லாம் தூத்துக்குடிக்கு ஓட்டுகிறவர் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

கேரளத்தில் வடகரை அருகே ஊராளுங்கலில் 1925-ல் ஒரு சங்கம் பிறந்தது. சாதி எதிர்ப்புப் பேசிய வாக்படானந்தரின் சீடர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை மறுத்தார்கள். 14 பேர் சேர்ந்து, எங்கள் வேலையை நாங்களே எடுத்துச் செய்கிறோம் என்று கூலி வேலைக்காரர் சங்கம் தொடங்கினார்கள். இன்று சாலைகளும் பாலங்களும் கட்டும் அந்த ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் உறவுமுறையில் பிறந்ததல்ல. சாதியை எதிர்த்ததற்குக் கிடைத்த தண்டனையில் பிறந்தது.

இங்கே தாட்கோ மானியக் கடனில் ஓர் ஆளுக்கு ஒரு வண்டி கொடுக்கிறார்கள். வண்டி கிடைத்துவிடும், லோடு கிடைக்காது. லோடு புக்கிங் ஆபீஸ்காரர் கையில் இருக்கிறது, அவர் முதலில் கூப்பிடுவது மச்சானைத்தான். தனி ஆளுக்குத் தவணை நோட்டீஸ்தான் மிஞ்சுகிறது. அந்தக் கடனை பட்டியல் சாதி ஓட்டுநர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுங்கள். கூடவே, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் ரேஷன் அரிசியை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தில் ஒரு பங்கையும் அந்தச் சங்கத்துக்கு ஒதுக்குங்கள். அரசாங்கக் கிடங்கிலிருந்து கிளம்பும் அரிசி மூட்டைக்கு எந்த மச்சானின் சம்மதமும் தேவையில்லை.