‘எங்கள் கையில் இல்லை’ என்னும் பொய்

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளைப் பற்றிய பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: “கார் பார்க்கிங்கைத் தனியாரிடம் கொடுத்தாகிவிட்டது. இனி மருத்துவமனையால் என்ன செய்ய முடியும்?” நோயாளி கட்டணத்தைப் பற்றி முறையிட்டாலும் இதே பதில், நர்ஸ் முறையிட்டாலும் இதே பதில். சம்பளமே வாங்காமல் வாரந்தோறும் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் தன்னார்வலருக்கு நூறு பவுண்டு கேட்டு நோட்டீஸ் வந்தாலும் இதே பதில்தான். நிர்வாகிகள் சொல்வது போதாதென்று பாதிக்கப்பட்டவர்களே இதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். இந்த நம்பிக்கை தவறானது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவர்களுக்கு மட்டுமே இது உதவுகிறது.

முதலில், யார் இந்தத் தன்னார்வலர்கள்? பகல் பன்னிரண்டு மணிக்கு முதியோர் வார்டுக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் வரும். கை நடுங்கும் நோயாளிக்கு மூடியைத் திறந்து, இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கரண்டியைக் கையில் பிடித்துக் கொடுத்து, கடைசி வாய் உள்ளே இறங்கும்வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பல வார்டுகளில் அவர் நர்ஸ் அல்ல, தன்னார்வலர். நுழைவாயிலில் நின்று ஸ்கேன் எடுக்கும் பிரிவுக்கு வழிகாட்டுபவர், டீ வண்டி தள்ளுபவர், பார்க்க யாருமே வராத நோயாளியின் கடைசி மணி நேரங்களில் கூட இருப்பவர் என்று இந்த வரிசை நீளும். லண்டனில் தமிழர் நிறைய வாழும் ஹாரோ, டூட்டிங் போன்ற பகுதிகளில், ஆங்கிலம் வராத யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரின் கட்டிலருகே “சாப்பிட்டீங்களோ அம்மா?” என்று கேட்கும் குரலும் அப்படி வந்த ஒருவருடையதாக இருக்கலாம்.

கிங்ஸ் ஃபண்ட் என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் 2013-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சுமார் 78,000 தன்னார்வலர்கள் ஆண்டுக்கு 1.3 கோடி மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள் என்றது அது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு வாரம் மூன்று மணி நேரம் வருகிறது. மூன்று மணி நேர பார்க்கிங்குக்கு நான்கு பவுண்டு என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒருமுறை வருபவருக்கு ஆண்டில் இருநூறு பவுண்டு ஆகும். வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைத்துக் கொடுக்க வந்த அண்டை வீட்டுக்காரரிடம் இலைக்குக் காசு கேட்பது போன்றது இது.

இருநூறு பவுண்டை விட மோசமானது கேமரா. பல மருத்துவமனைகளில் இப்போது கார் பார்க்கிங்கில் ஆளே இல்லை. உள்ளே வரும்போது ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கிறது. வெளியே போகும்போது இன்னொன்று எடுக்கிறது. இடைப்பட்ட நேரத்தைக் கணினி கணக்கிடுகிறது. தன்னார்வலருக்குச் சலுகை தரும் மருத்துவமனைகளில்கூட, அவர் ரிசப்ஷனில் இருக்கும் டேப்லெட்டில் தன் கார் எண்ணை ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியிருப்பது உண்டு. பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்ற எழுத்தைத் தட்டிவிட்டால், கார் பழுதாகி மகனின் காரில் வந்துவிட்டால், அன்றைக்கு டேப்லெட் வேலை செய்யாமல் போனால், கணினிக்கு அவர் காசு கொடுக்காமல் ஓடியவர்.

அதன் பிறகு நடப்பதற்கு மனித மனம் தேவைப்படுவதில்லை. வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ.வுக்கு இரண்டரை பவுண்டு கட்டி, கார் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் பார்க்கிங் நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. சில நாட்களில் கடிதம் வருகிறது: நூறு பவுண்டு கட்டுங்கள், பதினான்கு நாட்களுக்குள் கட்டினால் அறுபது. இது போலீஸோ நகராட்சியோ விதித்த அபராதம் அல்ல. வாசலில் நட்டிருக்கும் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்ததால் நீங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள், அதை மீறிவிட்டீர்கள் என்று ஒரு தனியார் நிறுவனம் அனுப்பும் பணக் கோரிக்கை. முறையீடு செய்ய வழி உண்டு. ஆனால் வாழ்நாள் முழுக்க யாருக்கும் கடன் வைக்காத ஓய்வூதியக்காரர், கோர்ட்டு என்ற சொல்லைக் கடிதத்தில் கண்டதும் அறுபது பவுண்டைக் கட்டிவிட்டுத்தான் தூங்குவார். அடுத்த வாரம் வார்டுக்கு வராமலும் இருந்துவிடுவார். மருத்துவமனை இழப்பது அந்த மனிதரை.

இப்போது ‘எங்கள் கையில் இல்லை’ என்ற வாதத்தைப் பார்ப்போம். நிலம் மருத்துவமனையுடையது. டெண்டர் விடுவதும், யார் காசு கட்ட வேண்டும், யார் கட்ட வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் மருத்துவமனை நிர்வாகம். கட்டண விலக்குப் பட்டியலில் ஒரு கார் எண்ணைச் சேர்க்கச் சொல்லவும், தவறாக அனுப்பிய நோட்டீஸைத் திரும்பப் பெறச் சொல்லவும் அதற்கு வழி இருக்கிறது. வழி இல்லாதபடி ஒப்பந்தம் போட்டிருந்தால், அப்படிக் கையெழுத்திட்டதும் அதே நிர்வாகம்தான்.

இது என் வாதம் மட்டுமல்ல. 2014 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு மருத்துவமனைப் பார்க்கிங்குக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவமனையின் சார்பில் பார்க்கிங்கை நடத்தும் தனியார் ஒப்பந்தக்காரரின் செயல்களுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் அனுப்பிக் கிடைக்கும் வசூலையே வருமானமாக நம்பி நிறுவனம் நடக்கும்படியான ஒப்பந்தங்களைப் போடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அரசே எழுதி வைத்த பிறகும் ‘தனியாரைக் கேளுங்கள்’ என்று கைகாட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

கை கட்டப்படவில்லை என்பதற்குக் கண்முன்னே சாட்சி உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை ஊழியர்களுக்குப் பார்க்கிங் இலவசம் என்று அரசு அறிவித்தது. ஒப்பந்தங்கள் அப்போதும் இருந்தன. கேமராக்களும் அதே கம்பங்களில்தான் இருந்தன. முடியாது என்று சொல்லி வந்தது முடிந்தது. அந்தச் சலுகைக்கான அரசுப் பணம் நின்ற 2022-இல் பழைய கதை மறுபடி தொடங்கிவிட்டது.

ஸ்காட்லாந்து 2008-ஆம் ஆண்டின் முடிவோடு அரசு மருத்துவமனைகளில் பார்க்கிங் கட்டணத்தை எடுத்தது. தனியார் முதலீட்டில் கட்டிய எடின்பரோ, கிளாஸ்கோ, டண்டீ பார்க்கிங்குகள் மூன்றும் மட்டும் நீண்டகால ஒப்பந்தத்தில் மாட்டியிருந்தன. 2021-இல் அந்த ஒப்பந்தங்களையும் அரசு விலை கொடுத்து முடித்துவைத்தது. வேல்ஸிலும் 2008-இலேயே கட்டணத்தை நீக்கும் முடிவு வந்தது. கார்டிஃப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற சில இடங்களில் தனியார் ஒப்பந்தம் முடியும்வரை கட்டணம் நீடித்தது. அங்கே 2017-இல் மருத்துவமனை ஊழியர்களே பார்க்கிங் நோட்டீஸ்களை எதிர்த்து வழக்காடித் தோற்றார்கள், ஒவ்வொரு நோட்டீஸுக்கும் நூறு பவுண்டுக்கு மேல் கட்டும்படி தீர்ப்பானது. மறு ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது, கட்டணமும் நின்றது. ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதி வரும்போது என்ன எழுதுகிறோம் என்பதில்தான் மனசு தெரியும்.

‘சட்டமே நிறுவனத்தின் பக்கம்’ என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் பார்க்கிங்ஐ – பீவிஸ் வழக்கில் தந்த தீர்ப்பைக் காட்டுவார்கள். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைவளாகத்தில் இரண்டு மணி நேர இலவச வரம்பைத் தாண்டி 56 நிமிடம் காரை நிறுத்தியவரிடம் 85 பவுண்டு கேட்டது செல்லும் என்றது அந்தத் தீர்ப்பு. காரணத்தைக் கவனிக்க வேண்டும். கடைவளாகத்தில் ஒருவர் போனால்தான் அடுத்த வாடிக்கையாளர் வர முடியும். இடம் சுழன்றுகொண்டே இருப்பதில் நிலத்துக்காரருக்கு நியாயமான அக்கறை உண்டு என்பதே அதன் அடிப்படை. மருத்துவமனைத் தன்னார்வலர் விஷயத்தில் இந்த அக்கறை நேர் எதிரானது. அவர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று எந்த வார்டும் நினைப்பதில்லை. பயந்துபோன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் இருக்க மாட்டாரா என்றுதான் ஏங்குகிறது. கடைவீதிக்காக உருவான கணக்கை அந்த அரை மணி நேரத்தின் மேல் சுமத்தும்போது, மருத்துவமனை தன் தேவைக்கு எதிராகத் தானே காசு வசூலிக்கிறது.

‘தன் விருப்பத்தில் வருபவர்தானே, செலவும் அவர் பாடு’ என்பது அடுத்த வாதம். இங்கிலாந்தின் சட்டமும் நடைமுறையும் இதை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தன்னார்வத் தொண்டருக்குக் கூலியிலிருந்து விலக்கு வைத்திருக்கிறது, ஆனால் கைச்செலவைத் திருப்பித் தர இடம் கொடுக்கிறது. குற்றப் பின்னணி சரிபார்ப்புக்கு வேலைக்குச் சேர்பவர்களின் பெயரில் கட்டணம் வாங்கும் அரசு அமைப்பு, தன்னார்வலருக்கு அந்தக் கட்டணத்தை வாங்குவதில்லை. இவர் நற்குணம் உள்ளவரா என்று சரிபார்ப்பதற்கே காசு வேண்டாம் என்கிறது அரசு. அந்த நற்குணத்தோடு வந்து காரை நிறுத்தினால் காசு கேட்கிறது மருத்துவமனை.

‘ரசீதைக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தருகிறோமே’ என்று சில மருத்துவமனைகள் சொல்கின்றன. ஏதோ தருகிறார்களே என்று இதையும் பாராட்டுபவர்கள் உண்டு. முதலில் கைக்காசைக் கட்டு, ரசீதைப் பத்திரப்படுத்து, படிவம் நிரப்பு, காத்திரு. நான்கு பவுண்டுக்காக நோயாளிகளின் பணத்தில் கை வைப்பதா என்று கூச்சப்பட்டு, கேட்காமலே விட்டுவிடுபவர்கள் பலர். கேட்டு வாங்கினாலும் என்ன ஆகிறது? தன் வாசலில் ஒருவர் கட்டிய காசைத் தன் கஜானாவிலிருந்து திருப்பிக் கொடுக்க மருத்துவமனை ஒரு அலுவலகமே நடத்த வேண்டியிருக்கிறது. ஒரு பெர்மிட் கொடுத்தால் தீரும் வேலை இது.

எதிர்வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் வலு உண்டு. இலவசம் என்று திறந்துவிட்டால் பக்கத்துக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிறவர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள், நோயாளிக்கு இடம் கிடைக்காது. உண்மை. நகரத்து மருத்துவமனைகளில் இடப் பற்றாக்குறை கடுமையானது. ஆனால் தன்னார்வலர் முகம் தெரியாத கூட்டம் அல்ல. மருத்துவமனை நேர்காணல் செய்து, பின்னணியைச் சரிபார்த்து, பயிற்சி கொடுத்து, அட்டை மாட்டிவிட்டவர். எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவார் என்பது அட்டவணையில் இருக்கிறது. அவர் கார் எண்ணைக் கணினியில் ஏற்றிவைத்தால் கட்டுப்பாடு கூடுமே தவிரக் குறையாது. ஊரார் காரைத் தடுக்க வைத்த வேலியில் வீட்டு மனிதர் சிக்கினால், வேலியைச் சரியாகப் போடவில்லை என்றுதான் பொருள்.

அப்படியிருந்தும் விதிகள் என்ன சொல்கின்றன? 2019-இன் இறுதியில் பிரிட்டிஷ் அரசு கட்டாய இலவசப் பார்க்கிங்குக்கு உரியவர்களை அறிவித்தது. மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவர்கள், அடிக்கடி சிகிச்சைக்கு வரும் வெளிநோயாளிகள், நோயுற்ற குழந்தையோடு இரவு தங்கும் பெற்றோர், இரவு ஷிப்ட் ஊழியர்கள் ஆகிய நான்கு பிரிவினர் பட்டியலில் இடம்பெற்றார்கள். தன்னார்வலர் அந்தப் பட்டியலில் இல்லை. 2014 நெறிமுறையில் அவருக்குக் கிடைத்த இடம், உள்ளூர் அளவில் சலுகையைப் பரிசீலிக்கலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. பரிசீலிக்கலாம் என்று எழுதினால் பரிசீலிக்காமலும் இருக்கலாம். ஒரு ஊரில் பெர்மிட், அடுத்த ஊரில் நோட்டீஸ் என்ற நிலை அதனால்தான்.

மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். பட்டியலில் ஐந்தாவது பிரிவாகத் தன்னார்வலரை அரசு சேர்க்க வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகக் குழுவும் அடுத்த பார்க்கிங் ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளை எழுத வேண்டும்: பதிவு பெற்ற தன்னார்வலரின் கார் எண்களுக்கு நிரந்தர விலக்கு, அவர்களுக்குத் தவறி நோட்டீஸ் போனால் மருத்துவமனையின் ஒரே மின்னஞ்சலில் ரத்து. நிபந்தனையை ஏற்கும் நிறுவனத்துக்கு டெண்டர், ஏற்காத நிறுவனத்துக்கு வாசல். தன்னார்வலர்களும் நோட்டீஸ் வந்தால் பயந்து அறுபது பவுண்டைக் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே நிர்வாகத்தின் கதவைத் தட்ட வேண்டும். ‘எங்கள் கையில் இல்லை’ என்று பதில் வந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்க வேண்டும்.