பெருக்கித் தரும் ஓர் 'உம்'

சங்கராபுரத்து நெல்வணிகர் மூட்டையில் குத்தூசியைச் செலுத்தி ஒரு கைப்பிடி நெல் எடுக்கிறார். அதில் பதர் எவ்வளவெனப் பார்த்து மூட்டைக்கே விலை சொல்கிறார். ஒவ்வொரு நெல்லையும் அவர் எண்ணுவதில்லை. இவ்வறிவை மின்னணுச் சுற்றுக்குள் புகுத்தியதே வாய்ப்பியற் கணிப்பு. 1967-இல் இங்கிலாந்தில் பிரையன் கெயின்சும், அமெரிக்காவின் இல்லினாயில் பாப்பல்பாம் குழுவினரும் இதனை வெளியிட்டனர்.

ஒன்றும் சுழியும் கலந்தோடும் தொடரில் ஒன்றுகளின் பங்கு எவ்வளவோ, அதுவே இம்முறையில் எண். 11010111 என்னும் தொடரில் அது எட்டில் ஆறு; 10110010 என்பதில் எட்டில் நான்கு. இரண்டையும் ஓர் 'உம்' வாயிலுள் செலுத்துக. இதிலும் ஒன்று, அதிலும் ஒன்று என்னுமிடத்தில் மட்டுமே ஒன்று வெளிவரும். கிடைப்பது 10010010; எட்டில் மூன்று. முக்காலை அரையால் பெருக்கின் வருவதும் அதுவே! தொடர் நீள நீள விடை மெய்யளவை நெருங்கும். எட்டிட இரும எண்களை வழக்கமான முறையில் பெருக்கவோ நூற்றுக்கணக்கான வாயில்கள் வேண்டும்.

ஒலி, படம் ஆகிய குறிகைகளைப் பண்படுத்துதல் பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலுமே. ஆதலின் குறிகை வடிப்பிகளையும், படத்தில் விளிம்பு காணும் சுற்றுகளையும் இவ்வாறு அமைத்து ஆய்ந்துள்ளனர். எட்டிட இரும எண்ணில் தலையிடம் பிறழ்ந்தால் முழு அளவில் பாதி பிழையாகும். 256 நீளத் தொடரில் ஓரிடம் பிறழ்ந்தால் 256-இல் ஒரு பங்கே பிழையாகும்.

குறையும் உண்டு, அதை மறைத்தல் அறமன்று. எட்டிட நுண்மைக்கு 256 துடிப்புகள் காத்திருத்தல் வேண்டும். தொடர்கள் ஒன்றையொன்று சாராதிருத்தலும் வேண்டும். ஒரே தொடரை இரு வழியும் செலுத்தினால் பெருக்கம் வாராது, அத்தொடரே திரும்பும். சாராத் தொடர்களை ஆக்கும் உறுப்புக்கே மிகுந்த இடம் போய்விடும். எனவே, விரைவினும் எளிமையும் பிழை பொறுத்தலும் வேண்டுமிடத்துக்கே இஃது உரியது.

ஆயினும், நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு மின்னணுவியல் கற்பிக்க இதனினும் நல்ல வாயில் ஏது? 7408 என்னும் சில்லு ஒன்றிலேயே நான்கு 'உம்' வாயில்கள் உள. விலையும் மிகக் குறைவு. கல்வராயன் மலைப் பிள்ளைக்கு எட்டாத கருவி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. எட்டாதிருப்பது நூலே! 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மின்னணுவியல் அன்று அதில் இடம்பெறவில்லை. 'நீயும் நானும்' என்று பேசும் பிள்ளையின் நாவிலேயே அவ்வாயில் இருக்கின்றது. அதனை அயற்சொல்லால் சொல்லி மருட்டுவானேன்?

கற்றறிந்த பொறிஞர்களே! தமிழில் சொல்லில்லை என்று கைவிரியாதீர். பத்துப் பக்கமேனும் எழுதுங்கள். எழுதியதைச் சில்லோடு சேர்த்து மாணவர் கையில் கொடுங்கள்!