தைப்பூசம் ‘கார்னிவல்’ அன்று!



தைப்பூசத்திற்கு மறுநாள், சுபாங் ஜெயாவில் நண்பர் ஒருவர் நகைத்தபடியே கேட்டார்: “என்ன ஐயா, அந்த பிரேசில் பையனும் பால்குடம் எடுத்தானாமே? அவனுக்கு இதுவும் ஒரு கார்னிவல்தானே!”

அவர் குறிப்பிட்ட இளைஞர், இங்குள்ள முதியோர் இல்லமொன்றில் தொண்டாற்றக் கடல்கடந்து வந்தவர். பத்துமலைக்கு உடன்வர விரும்பியவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, “எத்தனை நாள் நோன்பு இருக்க வேண்டும்?” என்பதே. இருந்தார், புலால் தவிர்த்தார், தரையில் உறங்கினார். ஆற்றில் நீராடி, வெறுங்காலுடன் 272 படிகளையும் ஏறினார்.

அதே படியடியில் நம் இளைஞர் சிலர் என்ன செய்தனர்? முகமூடி, ஊதுகுழல், திரைப்பாடல் மெட்டில் உறுமி! குடித்த நீரின் புட்டிகளைக்கூடக் குப்பைத்தொட்டியில் இடவில்லை. கார்னிவலுக்கு வந்தவர் யார் என்பதை நண்பரே கூறட்டும்!

கார்னிவல் என்பதுதான் யாது? கத்தோலிக்கரின் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்கும். அதற்கு முன்னர் உண்டு, ஆடிக் களிப்பதே கார்னிவல். அது நோன்புக்கு முந்திய களிப்பு. தைப்பூசமோ நோன்பின் நிறைவு. இரண்டையும் ஒன்றென்பது அறியாமை.

மேலும், ரியோ நகரத்துக் கார்னிவல்கூட ஒழுங்கற்ற கூத்தன்று. அங்கு போட்டியிடும் சம்பா குழுக்கள் மாதக்கணக்கில் பயில்கின்றன. குறித்த நேரத்தைக் கடந்தால் புள்ளிகளை இழக்கின்றன. களியாட்டத்திற்கே அத்துணைக் கட்டுப்பாடு! வழிபாட்டிற்கு நம்மிடம் எங்கே?

“இளையோர் ஆடக்கூடாதா?” எனச் சிலர் சினக்கலாம். ஆட்டத்தை யான் பழிக்கவில்லை. காவடியே ஆட்டந்தான், அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியதும் அதற்காகவே. ஆனால், தோளில் காவடியும் நெஞ்சில் முருகனும் இல்லாத ஆட்டத்திற்குப் பத்துமலை எதற்கு? மண்டபம் போதுமே!

1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் நடைபெறுகிறது. தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் முன்னோர் ஒருநாள் கூலியை இழந்தும் வந்தது வேடிக்கைக்கா?

குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமன்று. தைப்பூசத்திற்கு விடுமுறை என்று அறிவிக்கும் ஆசிரியர்களாகிய நாம், காவடி ஏன், நோன்பு ஏன் என்று வகுப்பில் ஒரு பாடவேளையேனும் சொன்னோமா? பெற்றோர் சொன்னார்களா? அயல்நாட்டவர் கேட்டறிந்ததை நம் பிள்ளைகள் கேளாமலே வளர்ந்தது நம் தவறு.

அடுத்த தைப்பூசத்திற்குள் சொல்லிவிடுவோம். வந்தவர் நோன்பிருக்க, உரியவர் வேடிக்கை பார்ப்பதா?

சிந்திப்பீர்!