தாய் உயிரோடிருக்க, பிள்ளை அநாதையா?



வாசலில் 'அநாதைக் குழந்தைகள் இல்லம்' என்று போர்டு. உள்ளே போய் ஒரு பிள்ளையை அழைத்து, "அம்மா எங்கே?" என்று கேளுங்கள். "களையெடுக்கப் போயிருக்கிறாள்" என்று பதில் வரும். தாய் வயலில் நிற்கிறாள். பிள்ளைக்கு அநாதைப் பட்டம்!

நாம் இட்டுக்கட்டிப் பேசவில்லை. கொரோனா பரவிய 2020-ல் சுப்ரீம் கோர்ட்டில் வைக்கப்பட்ட கணக்கையே பாருங்கள். நாடெங்கும் இல்லங்களில் இருந்த குழந்தைகள் 2,27,518 பேர். நோய்க்குப் பயந்து, பெற்றோரிடமோ உறவினரிடமோ திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 1,45,788 பேர். நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர்! அனுப்ப ஒரு வீடு இருந்ததால்தானே அனுப்பினார்கள்? அந்த வீடு நேற்றுவரை ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

"குடிகாரத் தகப்பன், பொறுப்பற்ற தாய், பெற்றுப் போட்டுவிட்டுத் தள்ளிவிடுகிறார்கள்" என்று கனவான்கள் சொல்கிறார்கள். புருஷனைப் பறிகொடுத்து, நடவுக் கூலியில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் பெண், "மூன்று வேளை சோறும் பள்ளிக்கூடமும் உண்டு" என்று யாரோ சொன்னதை நம்பிப் பிள்ளையை அனுப்புகிறாள். அவள் பிள்ளையைத் தள்ளிவிடவில்லை. தன் பங்குச் சோற்றையும் அதற்கே ஊட்டி, அதற்கும் வழியில்லாமல் போன பிறகே அனுப்பினாள். அந்தக் கூலியை அப்படிக் குறைத்து வைத்தவன் யார்? அவனைப் பற்றி மட்டும் கனவான்கள் பேசுவதில்லை.

சட்டம் நல்லதாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், குடும்பத்தோடு மீண்டும் சேர வேண்டியது குழந்தையின் உரிமை என்கிறது. சரி, எப்படிச் சேர்த்தார்கள்? தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதே 2020-ல், தமிழ்நாடு உள்ளிட்ட 8 மாநிலங்களுக்கு, 100 நாட்களுக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கெடு வைத்தது. ஊரெல்லாம் வேலையிழந்து, அடுப்பு அணைந்து கிடந்த வருஷம் அது! பிள்ளையைப் பிரித்தது வறுமை. அந்த வறுமை இன்னும் அதிகமான நேரம் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி மாநில சர்க்கார்களுக்கு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டுதான் உத்தரவிட வேண்டியிருந்தது.

2022-ல் வந்த மத்திய சர்க்காரின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. இதை வரவேற்கிறோம். ஆனால் வரம்பைக் கேளுங்கள்! கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதாவது மாதம் 6,000, நாளுக்கு 200. நகரத்தில் வருஷத்துக்கு 96,000. மில்லில் மாதம் 9,000 வாங்கும் தாய் வசதிக்காரியாம்! வாடகை, அரிசி, பஸ் கட்டணம் போக அவள் கையில் என்ன மிஞ்சும் என்பதை இந்த வரம்பை எழுதிய அதிகாரி ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கட்டும்.

எல்லாப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிடு என்று நாம் சொல்லவில்லை. அடியும் கொடுமையும் இருக்கிற வீடுகளும் உண்டு. நம் வர்க்கத்திலும் உண்டு, மறைப்பானேன்? அந்தப் பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்ற முறையில் வேறொரு குடும்பம் வேண்டும். சட்டத்தில் அதற்கும் இடமிருக்கிறது. பெற்றோரே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இவர்களுக்குப் பதினெட்டு முடிந்தால் என்ன கதி? பிறந்த நாள் வருகிறது. இல்லத்தின் கதவு மூடுகிறது. ரேஷன் கார்டில் பேர் இல்லை. வீடு வாடகைக்குக் கேட்டால் "அப்பா யார், ஊர் எது?" என்கிறான் வீட்டுக்காரன். ஜாமீன் கையெழுத்துப் போட ஆளில்லை. போக்கிடமில்லாத பெண்ணுக்கு முதலில் கதவு திறப்பது எது? பஞ்சாலை ஹாஸ்டல்தான்! உள்ளே என்ன நடக்கிறது என்பதை மில் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுக்காகவே 21 வயதுவரை, அவசியமானால் 23 வரை, 'பிற்காப்பு' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சட்டத்தின் 46-வது பிரிவு, பதினெட்டு முடிந்து வெளியேறுபவருக்கு நிதி உதவி 'கொடுக்கலாம்' என்கிறது. கொடுக்கலாம்! நிலச்சுவான்தாருக்குக் குத்தகையைக் 'கொடுக்கலாம்' என்று எந்தச் சட்டமாவது சொன்னதுண்டா?

'கொடுத்தே தீர வேண்டும்' என்று மாற்று என்கிறோம். வருமான வரம்பைக் குறைந்தபட்சக் கூலிக்கு ஏற்ப உயர்த்து என்கிறோம். வெளியேறும் ஒவ்வொருவருக்கும் ரேஷன் கார்டும், தங்க இடமும், தொழிற்பயிற்சியும் கதவு மூடுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்கிறோம்.

தோழர்களே, உங்கள் தெருவில் பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டு ஏங்கும் தாய் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.