கல்லில் இல்லாத பெயர்கள்

சிங்கப்பூர் தேக்காவுக்குப் போகிற நம் தோட்டத்து மக்கள் கோயில் கும்பிடுகிறார்கள், சேலை, சாமான் வாங்குகிறார்கள், பஸ் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். தெருமுனைப் பெயர்ப் பலகையையும் சாலையோரத்துச் சரித்திரக் கல்லையும் நின்று படிப்பவர்கள் குறைவு. படிக்க வேண்டும் என்கிறோம். அவற்றில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பது நம்மைப் பற்றிய சங்கதி.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய தெருக்களைப் பாருங்கள். கிளைவ் ஸ்திரீட், ஹேஸ்டிங்ஸ் ரோடு, டல்ஹவுசி லேன். மூவரும் இந்தியாவை அடக்கியாண்ட வெள்ளைக்காரர்கள். பிலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வியாபாரியின் பெயர். பஃபலோ ரோடு என்றாலும் கெர்பாவ் ரோடு என்றாலும் எருமைதான். எருமைக்கே இரண்டு தெரு! அந்த எருமைக்குப் புல் அறுத்துப் போட்டவன் பெயரை எந்த முனையில் போய்த் தேடுவது? வீராசாமி ரோடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அவர் டாக்டர். தஞ்சோங் பகாரில் கடையநல்லூர் ஸ்திரீட்டும் இருக்கிறது, அது ஊர்ப்பெயர். இவற்றைக் கண்டு நமக்கும் பெருமைதான். ஆனால் மண் சுமந்தவன் பெயர் வரவில்லையே.

எழுதாததை நம்ம ஜனங்களின் வாய்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது. வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்பார்கள். அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே வெந்தவர்கள் நம்மவர்கள். 1862-இல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்ட கைதிகள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் வெல்லமும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிய சுவர் அது. சுவர் பளபளவென்று நிற்கிறது. பூசிய கை யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை.

இதைவிட நமக்கு நெருங்கிய கல் ஒன்று எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைவி டாக்டர் லட்சுமி. படையில் பெரும்பகுதிப் பெண்கள் யார்? மலாயாத் தோட்டங்களில் பால் மரம் சீவிய நம் பொம்பளைப் பிள்ளைகள். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற கால்கள் அணிவகுப்புக்கு நின்றன. போகாத பெண்கள் காதுத் தோட்டையும் கைவளையலையும் கழற்றிக் கொடுத்தார்கள். அது பஞ்ச காலம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த காலம். எல்லாரும் ஒரே காரணத்துக்காகப் போனார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் போனார்கள்.

உயிர்விட்ட முகம் தெரியாத வீரர்களுக்காக 1945 ஜூலை 8-ஆம் தேதி போஸ் அங்கே நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பவை அதில் பொறித்த சொற்கள். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதை வெடி வைத்துத் தகர்த்தது. இரண்டு மாத ஆயுள்! வெறும் கல்தானே, அதற்கு ஏன் வெடி? ஞாபகத்தைக் கண்டு எஜமானுக்கு அவ்வளவு பயம். ஐம்பது ஆண்டு கழித்து, 1995-இல், தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தில் ஒரு நினைவுக் கல்லை வைத்தது. நன்றி சொல்ல வேண்டியதுதான்.

அதே பூங்காவில் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கு 1922-இல் திறந்த ஸ்தூபி இருக்கிறது. அதில் 124 பேரின் பெயர் வெட்டியிருக்கிறது. நம்மவர்களோ 'முகம் தெரியாதவர்கள்'. யாருக்குத் தெரியாது? பெற்ற தாய்க்குத் தெரியும். லயத்தில் அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும். கேட்டு எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

"கல் சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தோட்டம் விற்றுப் போகிறது, மரத்தை வெட்டி வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயத்தைக் காலி செய் என்கிறபோது, எத்தனை தலைமுறை இங்கே இருந்தாய் என்ற கேள்வி வருகிறதா இல்லையா? அப்போது எதைக் காட்டுவோம்? நம் பெயர் செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகம் கம்பெனிக்குச் சொந்தம். நம்மிடம் ஒரு நோட்டுகூட இல்லையென்றால், எழுபது வருஷம் உழைத்தவனும் நேற்று வந்தவனும் ஒன்றாகிவிடுவான். பெயரும் தேதியும் இருந்தால்தான் வழக்குக்கு வாய் இருக்கும்.

ஆகவே தோழர்களே, காசு பெரிதாகச் செலவில்லாத சில வேலைகளைச் சொல்கிறோம். ஒவ்வொரு கிளையும் ஒரு தடித்த நோட்டு வாங்கட்டும். தோட்டத்தின் பெயர், அதற்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர், இன்னார் மகன், இன்னார் மகள், எந்த வருஷம் வந்தார், சயாமுக்குப் போனவர் யார், படைக்குப் போனவர் யார், திரும்பாதவர் யார் என்று எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு இருந்தால் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துங்கள். படித்த பிள்ளைகள் எழுதட்டும், பாட்டிமார் சொல்லட்டும். போர்க்காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தாண்டியவர்கள்; அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கேட்க ஆள் இருக்காது. தோட்டம் கைமாறும்போது நஷ்டஈட்டையும் வீட்டையும் கேட்கிற அதே கடிதத்தில், முச்சந்தியில் பெயர்களோடு ஒரு கல்லும் வேண்டும் என்று கேளுங்கள்.

நடுகல் நட்டுப் பெயர் பொறித்து வணங்கிய இனம் நாம். அடுத்த முறை சிங்கப்பூர் போனால் பிள்ளைகளை எஸ்பிளனேட் பூங்காவுக்கும் கூட்டிப் போங்கள். கல்லில் இருப்பதைப் பிள்ளைகள் படிக்கட்டும். கல்லில் இல்லாத பெயர்களை நீங்கள் சொல்லுங்கள்.