அந்த ஏப்பம் சோடாவோட கேஸ், உங்களோடது இல்ல

"நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குது, கேஸ்தான் டாக்டர். சோடா உடைச்சுக் குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, லேசாயிடுச்சு. இப்ப மறுபடியும் பிடிக்குது."

நைட் டியூட்டியில இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும். கோபத்தோடதான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அச்சன்புதூர்ல இருந்து ஒரு அண்ணாச்சி. வயசு ஐம்பதுக்கு மேல, சுகர் உண்டு. சாயங்காலம் 7 மணிக்கு நெஞ்சுல இறுக்கம், வேர்வை. முதல்ல ஒரு கோலி சோடா. அடுத்து எலுமிச்சை உப்பு போட்டு இன்னொண்ணு. அப்புறம் மெடிக்கல்ல கேஸ் மாத்திரை. எங்ககிட்ட வந்தப்ப மணி 11.30. இ.சி.ஜி. எடுத்தா பெரிய மாரடைப்பு. பிழைச்சுட்டார். ஆனா இப்ப நாலு படி ஏறினா மூச்சு வாங்குது.

அந்த நாலரை மணி நேரத்தைத் தின்னது ஏப்பம்தான். அது எங்கேருந்து வருதுன்னு பாருங்க.

சோடான்னா தண்ணிக்குள்ள அழுத்தி அடைச்ச கார்பன் டை ஆக்சைடு. மேல அழுத்தம் எவ்வளவு இருக்கோ, அந்த அளவுக்குத் தண்ணியில வாயு கரையும்; 1803-ல வில்லியம் ஹென்றி சொன்ன விதி. தண்ணி சில்லுன்னு இருந்தா இன்னும் அதிகமா கரையும். கோலி சோடாவுல அந்தக் கோலியை மேல தள்ளி ரப்பர் வளையத்தோட அழுத்திப் பிடிக்கிறதும் இதே வாயுதான். (ஹைரம் காட்-னு ஒரு வெள்ளைக்காரர் 1870-கள்ல கண்டுபிடிச்ச பாட்டில். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சண்டை சோடாவோட இல்ல.)

கோலியைத் தட்டினதும் அழுத்தம் போச்சு. உஸ்ஸுனு கொஞ்சம் வெளியேறும், மிச்சம் தண்ணியிலயே தங்கும். உப்பு போட்டா பொங்குதே, அதுல மருந்து எதுவும் இல்ல. வாயு குமிழா திரள உப்புத் துகள் இடம் கொடுக்குது, அவ்வளவுதான்.

இப்ப கணக்கு. பொதுவா ஒரு லிட்டர் கலர்ல 3 முதல் 4 லிட்டர் வாயு கரைஞ்சிருக்கும். உங்க வயித்துச் சூடு 37 டிகிரி. அந்தச் சூட்டுல, மேல அழுத்தம் இல்லாம, ஒரு லிட்டர் தண்ணி சுமார் அரை லிட்டர் வாயுவைத்தான் பிடிச்சு வைக்கும். பாக்கி எங்க போகும்? வந்த வழியே மேல.

அதாவது நீங்க விட்ட ஏப்பம், ரெண்டு நிமிஷம் முன்னாடி காசு கொடுத்து வாங்கி உள்ள அனுப்பின வாயு. நெஞ்சுல இருந்த எதையும் அது வெளியே கொண்டு வரல. நல்லா இருக்கிற ஆள் குடிச்சாலும் ஏப்பம் வரும், மாரடைப்பு வந்தவர் குடிச்சாலும் வரும். அப்ப அதை வெச்சு என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்?

இதுல ஒரு கொடுமை, மாரடைப்பு வலி கூடிக் குறைஞ்சு வரலாம். குறையுற நேரத்துல ஏப்பமும் வந்துட்டா பேர் சோடாவுக்குப் போயிடுது. அதோட, இதயத்தோட அடிப்பக்கம் பாதிச்சா வலி மேல்வயித்துல தெரியும், குமட்டும், வாந்தி வரும். சுகர்காரங்களுக்கு வலியே இல்லாம வெறும் வேர்வையும் அசதியும் மட்டும் இருக்கலாம். எல்லாத்துக்கும் நாம வெச்சிருக்கிற ஒரே பேரு: வாயு.

எங்க ஆளுங்களையும் விட மாட்டேன். நெஞ்சுவலின்னு வந்தவருக்கு இ.சி.ஜி. எடுக்காம கேஸ் ஊசி போட்டு அனுப்புறதும் இதே சோடா வைத்தியம்தான். ஊசியில வலி குறைஞ்சதால இதயம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல.

நெஞ்சு, மேல்வயிறு, தாடை, இடது கை, எங்கயாவது இறுக்கமும் வேர்வையும் சேர்ந்து வந்தா, வண்டியை நீங்களே ஓட்டிட்டு வராதீங்க. உக்காருங்க, 108-க்கு அடிங்க. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தா அங்க போனாலும் சரி. 2023-ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல முதல் டோஸ் மாத்திரைகள் அங்கயே உண்டு. ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து முதல் சில மணி நேரத்துலதான் நல்லா வேலை செய்யும். முதல் இ.சி.ஜி. நார்மல்னாலும் "இருங்க, திரும்ப எடுக்கணும்"னு சொன்னா சண்டை போடாம இருங்க.

எல்லாம் பார்த்து, நிஜமாவே கேஸ்தான்னு நாங்க சொன்ன பிறகு தாராளமா ஒரு சோடா உடைச்சுக்கோங்க அண்ணாச்சி. யார் வேண்டாம்னா?